கூட்டம் கலைந்தபின் கூட்டணி நிற்க: முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டியவை

2011 ஜனவரி 25 முதல் 18 நாள் கெய்ரோவின் தஹ்ரீர் சதுக்கத்தில் சமயவாதிகளும் சமயச்சார்பற்றவர்களும் மாணவர்களும் தொழிலாளர்களும் ஒரே முழக்கத்தோடு நின்றார்கள். பிப்ரவரி 11 அன்று எகிப்து அதிபர் முபாரக் பதவி விலகினார். மறு ஆண்டு மே மாதம் நடந்த அதிபர் தேர்தலின் முதல் சுற்றில் முகமது முர்சிக்கு 24.8 விழுக்காடும், முபாரக்கின் கடைசிப் பிரதமரான அகமது ஷஃபீக்குக்கு 23.7 விழுக்காடும் கிடைத்தன. சதுக்கத்தோடு சேர்த்து மக்கள் பார்த்த ஹம்தீன் சபாஹி 20.7, அபுல் ஃபுதூஹ் 17.5. இவ்விருவரின் வாக்குகளையும் கூட்டினால் 38.2 வரும். அவை ஒரே பெட்டியில் விழுந்திருந்தால் முதலிடம் யாருக்கு என்பதில் ஐயமே இருந்திருக்காது. இருவரையும் ஒரே அணியாக நிறுத்தும் பேச்சு கைகூடாமல் போனதால், இரண்டாம் சுற்றில் இருவரும் இல்லை.

2022 ஜூலை 14 அன்று இலங்கை அதிபர் கோத்தபாய ராஜபக்ச நம் சிங்கப்பூரில் வந்திறங்கினார். பதவி விலகல் கடிதமும் இங்கிருந்துதான் மின்னஞ்சலில் கொழும்புக்குப் போனது. கொழும்பின் காலிமுகத்திடலில் மூன்று மாதம் கூடாரமடித்துக் கிடந்தவர்களால் ஓர் அதிபரை அனுப்ப முடிந்தது, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்க முடியவில்லை. அந்த வேலையை ஜூலை 20 அன்று பழைய நாடாளுமன்றமே செய்தது. ஆனால் 2020 தேர்தலில் வெறும் 3 இடம் பெற்றிருந்த தேசிய மக்கள் சக்தி 2024 நவம்பரில் 225ல் 159 இடங்களைப் பிடித்தது. யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 இடங்களில் 3 அதற்குக் கிடைத்தன. ஜேவிபி என்ற இடதுசாரிக் கட்சியும் இருபது சொச்சம் சங்கங்களும் சேர்ந்த அந்தக் கூட்டணி, போராட்டம் வெடிக்கும் முன்பே உருவாகி நின்றது. மக்களின் கோபம் வந்தபோது அதை ஏந்திக்கொள்ளப் பாத்திரம் தயாராக இருந்தது.

கூட்டம் சேர்ப்பது ஒரு வேலை, கூட்டணி கட்டுவது வேறு வேலை. கூட்டணிகளில் பல தோற்றதால் உடைவதில்லை. வெற்றி வந்த மறுநாள், அல்லது பாதி வெற்றி வந்த அன்றே உடைகின்றன. அந்த நாளுக்கான ஏற்பாட்டை அதற்கு முன்பே எழுதிவைக்கும் முறையைத்தான் இங்கே விளக்குகிறோம். சிங்கப்பூரில் ஒரு கொள்கை மாற்றத்துக்காக நாலைந்து சங்கங்களைச் சேர்க்க நினைப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது.

முதலில் கோரிக்கையின் அளவு

மலேசியாவிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள், இரண்டும் 2007 நவம்பர் மாதத்தவை. 10ஆம் தேதி தூய்மையான தேர்தல் கேட்ட பெர்சே இயக்கத்தின் பேரணி, 25ஆம் தேதி மலேசிய இந்தியர்களின் உரிமை கேட்ட ஹிண்ட்ராஃப் இயக்கத்தின் பேரணி. ஹிண்ட்ராஃப் முன்வைத்தது 18 கோரிக்கைகள். மலேசிய இந்தியர்களின் ஐம்பது ஆண்டு வலி முழுவதும் அதில் இருந்தது. வலி உண்மையானது, நியாயமானது. ஆனால் பட்டியல் நீண்டதால் எது கிடைத்தால் வெற்றி, எது கிடைக்காவிட்டால் தொடர்வது என்று ஒரே பதில் இல்லை. 2013 பொதுத்தேர்தலுக்கு முன் ஒரு பிரிவு அப்போதைய ஆளும் கூட்டணியான தேசிய முன்னணியோடு உடன்பாடு செய்துகொண்டது. அதன் தலைவர் துணையமைச்சராகி மறு ஆண்டே பதவி விலகினார். மற்ற பிரிவினர் அதை ஏற்கவேயில்லை.

பெர்சே 2011ல் வைத்தவை எட்டு: வாக்காளர் பட்டியலைச் சீராக்கு, அஞ்சல் வாக்கு முறையைத் திருத்து, அழியாத மை பயன்படுத்து, குறைந்தது 21 நாள் பிரசாரம் என்று போய், பொது அமைப்புகளை வலுப்படுத்து, ஊழலை நிறுத்து, அழுக்கு அரசியலை நிறுத்து என்று முடிந்தது. முதல் நான்கையும் பாருங்கள். நடந்ததா இல்லையா என்று எவரும் சரிபார்த்துச் சொல்லலாம். சீனரோ மலாய்க்காரரோ இந்தியரோ, எந்தக் கட்சிக்காரரோ, அதை ஏற்பதற்குத் தம் கொள்கை எதையும் விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. பிற்பாதிக் கோரிக்கைகள் நல்லவைதான், ஆனால் அவற்றை அளக்க முடியாது. கூட்டணியைக் கட்டியது முதல் பாதி என்பது எங்கள் எண்ணம்.

உங்கள் கோரிக்கையை இப்படி அளவெடுங்கள். ஒரு ஏ4 தாளில் நெடுவாக்கில் கோடு போட்டு மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில் எல்லா அமைப்புகளும் கையெழுத்திடத் தயாராக உள்ளவை. இரண்டாம் பத்தியில் நமக்குள் கருத்து வேறுபாடு உள்ளவை. இவற்றைப் பற்றிக் கூட்டணியின் பெயரில் யாரும் பேசக்கூடாது, அவரவர் அமைப்பின் பெயரில் பேசலாம். மூன்றாம் பத்தியில் இந்தக் கூட்டணிக்குச் சம்பந்தமே இல்லாதவை.

லாரியின் பின்பகுதியில் ஊழியர்களை ஏற்றிச் செல்வதை எடுத்துக்கொள்வோம். தேக்காவில் ஞாயிற்றுக்கிழமை யாரைக் கேட்டாலும் இதைப் பற்றிச் சொல்வார்கள். 'இந்த நடைமுறை முடிவுக்கு வர ஒரு காலக்கெடு வேண்டும்' என்பது முதல் பத்தி. 'பேருந்துச் செலவை முதலாளி ஏற்பதா, அரசாங்கம் மானியம் தருவதா' என்பது இரண்டாம் பத்தி, ஏனென்றால் உங்களோடு சேரும் சிறு குத்தகையாளர் சங்கமும் தொண்டூழிய அமைப்பும் இதில் ஒத்துப்போக மாட்டார்கள். தங்குவிடுதிக் கட்டணம், முகவர் கட்டணம் எல்லாம் மூன்றாம் பத்தி. மனம் கேட்காது. எல்லாமே முக்கியம் என்று தோன்றும். ஆனாலும் முதல் பத்தியில் ஐந்து வரிக்கு மேல் வந்தால் வெட்டுங்கள்.

பலரும் விட்டுவிடுவது இரண்டாம் பத்தியைத்தான். வேறுபாட்டை எழுதினால் மனக்கசப்பு வரும் என்று பயப்படுகிறார்கள். எழுதாமல் விட்ட வேறுபாடு, செய்தியாளர் ஒருவர் மைக்கை நீட்டும் நேரத்தில் வெளியே வரும். மலேசியாவில் 2008 தேர்தலுக்குப் பின் அமைந்த பக்காத்தான் ராக்யாட் கூட்டணியில் ஜனநாயக செயல் கட்சிக்கும் (ஜசெக) இஸ்லாமியக் கட்சியான பாஸுக்கும் ஹுடுட் என்ற இஸ்லாமியக் குற்றவியல் சட்டம் பற்றி உடன்பாடு கிடையாது என்பது ஊரறிந்தது. 2013ல் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் வாக்கைப் பெற்ற கூட்டணி அது. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த அந்த ஒரு விவகாரத்தில்தான் 2015ல் உடைந்தது.

வாக்குறுதியின் அளவுக்குத் தமிழகத்தில் ஓர் அருமையான பாடம் இருக்கிறது. 1967 தேர்தலில் அண்ணா சொன்னது: ரூபாய்க்கு மூன்று படி அரிசி லட்சியம், ஒரு படி நிச்சயம். ஆசையையும் உறுதியையும் தனித்தனியே எடுத்து வைத்தார். வென்றபின் சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி தொடங்கியது. உங்கள் அறிக்கையிலும் லட்சியம், நிச்சயம் என்று இரண்டு தலைப்பு போட்டுவிடலாம். படிப்பவருக்கு உடனே புரியும்.

அதே தேர்தல் இன்னொன்றும் காட்டுகிறது. 1938ல் சென்னை மாகாணப் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியவர் ராஜாஜி. 1965ல் இந்தி எதிர்ப்பு நெருப்பில் வளர்ந்த திமுக 1967ல் அதே ராஜாஜியின் சுதந்திராக் கட்சியோடு தொகுதி பிரித்துக்கொண்டது. மார்க்சிஸ்டுகளும் முஸ்லிம் லீக்கும் அதே அணியில். காங்கிரசுக்குக் கிடைத்தது ஏறத்தாழ 41 விழுக்காடு, திமுகவுக்கு அதைவிடச் சற்றே குறைவு. ஆட்சியோ திமுகவுக்கு. எதிர்ப்பு வாக்கு சிதறாமல் ஒரு தொகுதிக்கு ஒரு வேட்பாளர் என்று நின்றதன் பலன் அது. 1971ல் ராஜாஜி எதிரணிக்குப் போய்விட்டார். ஒரே ஒரு வேலைக்காகச் சேர்ந்த கூட்டணி வேலை முடிந்ததும் பிரிவது குற்றமில்லை. எத்தனை காலத்துக்கு என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுவது நல்லது.

யார் உள்ளே, யாருக்கு வாக்கு

2006ல் பெர்சே தொடங்கியபோது எதிர்க்கட்சிகளும் உள்ளே இருந்தன. 2010ல் அதைக் கட்சிகள் இல்லாத அமைப்பாக மறுபடியும் தொடங்கினார்கள். 2011 பேரணியின்போது 62 அரசுசாரா அமைப்புகள் அதில் இருந்தன. கட்சிகள் ஆதரிக்கலாம், கூட்டத்துக்கு ஆள் அனுப்பலாம், முடிவெடுக்க முடியாது. கட்சிக் கூட்டணி 2015ல் உடைந்தபோது பெர்சே உடையாமல் நின்றதற்கு இந்த ஏற்பாடு பெரிய காரணம்.

இங்கே அவேர் மாதர் சங்கத்தில் 2009ல் நடந்ததை நினைவில் வையுங்கள். மார்ச் 28 ஆண்டுக் கூட்டத்துக்கு வந்தவர்கள் நூறு பேர் அளவில்தான். அவர்களில் பெரும்பாலோர் சில மாதங்களுக்கு முன்பு சேர்ந்த புதியவர்கள். நிர்வாகக் குழுவின் பெரும்பாலான பொறுப்புகள் அன்று கைமாறின. மே 2ஆம் தேதி சன்டெக்கில் சிறப்புக் கூட்டம் கூடி, 1,414க்கு 761 என்ற வாக்கில் புதிய குழுமீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறியது. யார் பக்கம் நியாயம் என்பது அவரவர் முடிவு. விதியின் பலவீனம் மட்டும் எல்லாருக்கும் பொது: நேற்றுச் சேர்ந்தவர் இன்று வாக்களிக்கலாம் என்றால், ஆண்டுக் கூட்டத்துக்கு எண்பது பேரை அழைத்து வரக்கூடிய எவரும் அமைப்பைத் தம் கைக்குள் கொண்டுவரலாம்.

ஆகவே விதிகள் இப்படி இருக்கட்டும். கூட்டணியில் உறுப்பினர் என்பது அமைப்பு, தனிநபர் அல்ல. ஓர் அமைப்புக்கு ஒரு வாக்கு, ஆயிரம் பேர் உள்ள சங்கமானாலும் பதினைந்து பேர் உள்ள குழுவானாலும். ஒவ்வோர் அமைப்பும் இரண்டு பேராளர்களைப் பெயர் சொல்லி நியமிக்கட்டும்: ஒருவர் முதன்மை, ஒருவர் மாற்று. கூட்டத்துக்குக் கூட்டம் வேறு வேறு ஆள் வந்தால் பேசியதையே பேச வேண்டியிருக்கும். புதிய அமைப்பு ஆறு மாதம் பார்வையாளராக இருந்தபின் வாக்குரிமை பெறும். கோரிக்கையை மாற்ற நான்கில் மூன்று பங்கு, அன்றாட முடிவுக்குப் பாதிக்கு மேல். வெளியேற விரும்பும் அமைப்பு 14 நாள் முன்னறிவிப்புக் கொடுக்கட்டும். அந்த 14 நாளில் இரு தரப்பும் சேர்ந்து எழுதிய ஒரு பத்தி அறிக்கை மட்டுமே வெளியே போகும். இந்தக் கடைசி விதியைப் பலர் சிரித்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள், யார் போகப்போகிறார்கள் என்று. தேவைப்படும் நாளில் இதுபோல் உதவும் விதி வேறில்லை.

தொடக்கத்தில் ஐந்து முதல் ஏழு அமைப்புகள் போதும். அதற்குமேல் போனால் கூட்டத் தேதி குறிப்பதே ஒரு மாத வேலை ஆகிவிடும். அந்த ஏழில் குறைந்தது இரண்டு உங்கள் வட்டத்துக்கு வெளியே உள்ளவையாக இருக்கவேண்டும். தமிழ்ச் சங்கங்கள் மட்டும் ஏழு சேர்ந்தால் அது கூட்டணி ஆகாது, ஒரே குரல் ஏழு தலைப்புத்தாளில் வருவதாகவே அமைச்சில் படிப்பார்கள். மலாய், சீன அமைப்பு ஒவ்வொன்று, முடிந்தால் தொழில் சார்ந்த ஒன்று என்று தேடுங்கள். ஆங்கிலத்தில் நடக்கும் கூட்டத்தில் தமிழில் யோசிப்பவர் வாய் திறக்கத் தயங்குவார். அறிக்கையின் வரைவை நான்கு மொழியிலும் கூட்டத்துக்கு மூன்று நாள் முன் அனுப்பினால் அந்தத் தயக்கம் பாதி குறையும்.

முன்னோர் இதைச் செய்துகாட்டியிருக்கிறார்கள். 1952 மே 13 அன்று சிங்கப்பூரில் ஏறத்தாழ 500 அஞ்சல் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள், பெரும்பாலும் மலாய்க்காரர்களும் இந்தியர்களும். லீ குவான் இயூ அவர்களுக்குச் சட்ட ஆலோசகர். ராஜரத்தினம் செய்தித்தாளில் ஆதரித்து எழுதினார். இரண்டே வாரத்தில் முடிந்த வேலைநிறுத்தம் அது. ஆனால் அதிலும் அடுத்து வந்த தொழிற்சங்க வழக்குகளிலும் பழகிய முகங்கள் 1954 நவம்பர் 21 அன்று விக்டோரியா நினைவு மண்டபத்தில் மக்கள் செயல் கட்சியாக உட்கார்ந்தன. ஆங்கிலம் படித்தவர்களும் சீனம் படித்த தொழிற்சங்கவாதிகளும் சேர்ந்த அந்த அணி ஆட்சியைப் பிடித்த இரண்டு ஆண்டுகளில், 1961ல், மலாயாவோடு இணையும் விவகாரத்தில் இரண்டாகி பாரிசான் சோசியாலிஸ் கட்சி பிறந்தது. இரண்டாம் பத்தி எழுதாத கூட்டணியின் கதைதான் அதுவும்.

தமிழர்களுக்குள்ளேயே கூட்டணி கட்டியவர் கோ. சாரங்கபாணி. சாதி, சமயம், ஊர் என்று பிரிந்து கிடந்த சங்கங்களை 1950களில் தமிழர் திருநாள் என்ற ஒரே மேடைக்குக் கொண்டுவந்தார். பல்கலைக்கழகத்தில் தமிழுக்காக 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டியபோது சாதாரணத் தொழிலாளியும் தம்மால் இயன்ற சிறு தொகையைத் தந்தார். ஆயிரம் வெள்ளி தந்த ஒருவரைவிட ஒரு வெள்ளி தந்த ஆயிரம் பேர் அந்த முயற்சியை விட்டு விலகுவது கடினம். உங்கள் கூட்டணியிலும் எல்லா அமைப்பும் ஒரே சந்தா கட்டட்டும். ஆண்டுக்கு நூறு வெள்ளி போதும். பணக்காரச் சங்கம் ஒன்று முழுச் செலவையும் ஏற்க முன்வந்தால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள். ஓர் ஆண்டுக்குள் செயலகம், செய்தித்தொடர்பு, கடைசியில் கொள்கை எல்லாம் அவர்கள் அலுவலகத்துக்குப் போய்விடும்.

பாதி வெற்றி வரும் நாள்

1980 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை, போலந்தின் குதான்ஸ்க் கப்பல்கட்டும் தளம். ஓய்வுபெற ஐந்து மாதம் இருக்கும்போது வேலைநீக்கம் செய்யப்பட்ட பாரந்தூக்கி இயக்குநர் அன்னா வலென்டினோவிச்சுக்காகத் தொடங்கிய வேலைநிறுத்தம் மூன்றாம் நாளில் இருந்தது. நிர்வாகம் சம்பள உயர்வுக்கு இணங்கியது. அவரையும் வேலைநிறுத்தத் தலைவர் லெக் வாவென்சாவையும் மறுபடி வேலைக்கு எடுக்கவும் சம்மதித்தது. வாவென்சா வேலைநிறுத்தம் முடிந்தது என்று அறிவித்துவிட்டார். தொழிலாளர்கள் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார்கள். ஆனால் அவர்களை ஆதரித்து வேலையை நிறுத்தியிருந்த மற்றத் தொழிற்சாலைகளுக்கு எதுவும் கிடைக்கவில்லை. டிராம் ஓட்டுநர் ஹென்ரிகா கிஷிவோனோஸ், பெரிய தளம் எங்களைக் கைவிட்டால் நாங்கள் தொலைந்தோம் என்று சத்தம் போட்டார். வலென்டினோவிச்சும் தாதி அலினா பியென்கோவ்ஸ்காவும் வாசலுக்கு ஓடி, போகிறவர்களை நிறுத்தினார்கள். பலர் போய்விட்டார்கள், ஒரு பகுதியினர் திரும்பினார்கள். அன்றிரவே எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் பொதுவான குழு அமைந்தது. 21 கோரிக்கைகளை இரண்டு மரப்பலகைகளில் எழுதி வாசலில் மாட்டினார்கள். முதல் கோரிக்கை சம்பளம் அல்ல, சுதந்திரத் தொழிற்சங்கம். ஆகஸ்ட் 31ல் ஒப்பந்தம் கையெழுத்தானது. அப்படிப் பிறந்த சோலிடாரிட்டி தொழிற்சங்கத்தில் ஓராண்டுக்குள் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் இருந்தார்கள்.

வாசலில் ஓடிப்போய் நிறுத்த ஆள் இருந்தது அவர்களுடைய நல்வாய்ப்பு. நீங்கள் அதை நம்பியிருக்க வேண்டாம். பாதி வெற்றிக்கான விதியை முதல் கூட்டத்திலேயே எழுதுங்கள். ஏறத்தாழ இப்படி:

'நம் கோரிக்கையில் ஒரு பகுதியை மட்டும் ஏற்று யாரேனும் முன்வந்தால், எந்த உறுப்பு அமைப்பும் தனித்து வரவேற்கவோ நிராகரிக்கவோ செய்யாது. 72 மணி நேரத்துக்குள் பேராளர்கள் கூடுவார்கள். அதுவரை எல்லா அமைப்பும் சொல்லும் பதில் ஒன்றே: அறிவிப்பைப் படித்துவருகிறோம்.'

இந்தியாவில் சம்யுக்த கிசான் மோர்ச்சா இதை நடத்திக்காட்டியது. ஏறத்தாழ 40 உழவர் சங்கங்கள், ஒன்றோடொன்று ஒத்துப்போகாதவை. 2020 நவம்பர் 26 முதல் தில்லி எல்லையில். 2021 ஜனவரி 20 அன்று, அவர்கள் எதிர்த்த மூன்று வேளாண் சட்டங்களையும் ஒன்றரை ஆண்டு நிறுத்திவைக்கிறோம் என்று அரசாங்கம் சொன்னது. கேட்பதற்கு நல்ல பேரம். தலைவர்கள் மேசையிலேயே சரி சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சங்கங்களைக் கூட்டிப் பேசி மறுநாள் மறுத்தார்கள். நவம்பர் 19ல் சட்டங்களைத் திரும்பப்பெறுவதாக அறிவிப்பு வந்தது. பேச்சுவார்த்தை நாள்களில் தில்லி விஞ்ஞான் பவன் அரங்கில் அரசாங்கம் அளித்த மதிய உணவை மறுத்து, எல்லையிலிருந்து வந்த லங்கர் (சீக்கியர்களின் பொதுச் சமையல்) ரொட்டியையும் பருப்பையும் தரையில் அமர்ந்து சாப்பிட்ட படம் பலருக்கு நினைவிருக்கும். போராடும் ஆள் சாப்பிடுவதையே பேசப்போன ஆளும் சாப்பிட்டார். குதான்ஸ்கில் பேச்சுவார்த்தையை ஒலிபெருக்கி வழியாகத் தளம் முழுக்கக் கேட்கவைத்ததும் இதே காரணத்துக்காகத்தான். நம் அளவில், அமைச்சு அதிகாரியைச் சந்திக்கும்போது எப்போதும் இரண்டு வேறு அமைப்புகளிலிருந்து இருவர் போவதும், அன்று மாலையே ஒரு பக்கக் குறிப்பை எல்லாப் பேராளருக்கும் அனுப்புவதும் போதும்.

2017 ஜனவரியில் மெரினாவில் தலைவரே இல்லாமல் திரண்ட கூட்டத்தின் அழகும் குறையும் இதே இடத்தில் தெரிந்தன. 23ஆம் தேதி சட்டமன்றத்தில் ஜல்லிக்கட்டுச் சட்டம் நிறைவேறியது. அதே நாள் காலையில் காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது, வன்முறையும் வெடித்தது. வென்றுவிட்டோம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லும் அதிகாரம் பெற்றவர் கடற்கரையில் யாரும் இல்லை.

முழு வெற்றி வரும் நாள்

இதுதான் கடினமான பகுதி. கென்யாவில் 2002ல் இரண்டு அணிகள் சேர்ந்தபோது, அமைச்சரவையில் சரிபாதி, புதிதாக ஒரு பிரதமர் பதவி என்று புரிந்துணர்வுக் குறிப்பு எழுதினார்கள். டிசம்பர் 27ல் பெரும் வெற்றி. கிபாக்கி அதிபரானார். குறிப்பில் இருந்தது நடக்கவில்லை. மீறினால் என்ன என்று அதில் எதுவும் இல்லை, கேட்க நடுவரும் இல்லை. 2005 பொதுவாக்கெடுப்பில் இரு தரப்பும் எதிரெதிரே நின்றார்கள். மலேசியாவில் 2018 மே 9ல் வென்ற பக்காத்தான் ஹரப்பானில் மகாதீருக்குப் பின் அன்வார் என்பது ஒத்துக்கொண்ட விஷயம். தேதி மட்டும் குறிக்கப்படவில்லை. 2020 பிப்ரவரியில் அந்த ஒரு தேதியைச் சுற்றித்தான் சண்டை முற்றியது, 22 மாத ஆட்சி கவிழ்ந்தது.

சிலியில் 1973 கவிழ்ப்பின்போது எதிரெதிர்ப் பக்கம் நின்ற கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியும் சோசலிஸ்டுகளும், 1983 முதல் தெருவில் போராடிக் களைத்து, 1988 பிப்ரவரியில் 'வேண்டாம்' அணியாகச் சேர்ந்தார்கள். சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் தொடரலாமா என்ற அக்டோபர் 5 பொதுவாக்கெடுப்பில் ஏறத்தாழ 56க்கு 44 என்று அவரைத் தோற்கடித்தார்கள். தங்கள் சொந்த ஆட்களை வைத்து வாக்குகளைத் தனியாக எண்ணியதால் முடிவை மறைக்க வழியில்லாமல் போயிற்று. அதோடு கலையாமல் 20 ஆண்டு ஆண்டார்கள். அமைச்சர் ஒரு கட்சியென்றால் துணையமைச்சர் பொதுவாக வேறு கட்சி என்பது அவர்கள் வழக்கம். எந்த அமைச்சும் ஒரு கட்சியின் தனிச்சொத்து ஆகவில்லை. அதிபர் வேட்பாளரை முன்தேர்தல் வைத்தும் தேர்ந்தெடுத்தார்கள்.

சிறிய கூட்டணிக்கும் இதே மூன்றும் வேண்டும்: தேதி, நடுவர், கலந்த பொறுப்பு. தலைவர் ஓர் அமைப்பென்றால் செயலாளரும் பொருளாளரும் வேறு வேறு அமைப்பு. பொறுப்பு எந்தத் தேதியில் கைமாறும் என்று நாளும் மாதமும் போட்டு எழுதுங்கள். எல்லாரும் மதிக்கும், எந்த உறுப்பு அமைப்பிலும் இல்லாத ஒருவரை நடுவராக இன்றைக்கே கேட்டு வையுங்கள். சண்டை வந்தபின் நடுவர் தேடினால் யாரைச் சொன்னாலும் ஒரு பக்கம் சந்தேகப்படும்.

வென்றபின் தேர்தலில் நிற்கும் ஆசை வரும். பஞ்சாபில் 2021 டிசம்பரில் 32 சங்கங்களில் 22 சேர்ந்து கட்சி தொடங்கின. மோர்ச்சா தன் பெயரைப் பயன்படுத்தக்கூடாது என்றது. 2022 தேர்தலில் அவர்களுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை. ஒரு சட்டத்துக்கு எதிராகக் கூடிய மக்கள் உங்களை ஆளச் சொல்லவில்லை. யாராவது கட்சி அரசியலுக்குப் போனால் எத்தனை மாதத்துக்கு முன் பொறுப்பிலிருந்து விலகவேண்டும், கூட்டணியின் பெயரும் சின்னமும் யாருக்குச் சொந்தம் என்பதையும் எழுதுங்கள். கட்சிக் கூட்டணிகள் இங்கேயும் அதிகம் நிலைத்ததில்லை. 2001ல் அமைந்த சிங்கப்பூர் ஜனநாயகக் கூட்டணியிலிருந்து 2007லும் 2010லும் முக்கியக் கட்சிகள் விலகின.

சிங்கப்பூரின் சட்ட எல்லை

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம், ஆனால் கவனமாகப் படியுங்கள். பத்துப் பேர் அல்லது அதற்குமேல் உள்ள எந்தச் சங்கமும் சங்கங்கள் சட்டத்தின்கீழ் பதியவேண்டும். அரசியல், சமயம், இனம், மனித உரிமை, மொழிப் பயன்பாடு சார்ந்தவை தானியங்கிப் பதிவில் வராது, பரிசீலனைக்குப் போகும். ஏற்கனவே பதிந்த அமைப்புகள் ஒரு கோரிக்கைக்காகக் கூட்டறிக்கை விடுவது ஒன்று, தனிப் பெயர், தனிக் கணக்கு, தனி உறுப்பினர் என்று நிரந்தர அமைப்பாவது வேறொன்று. எல்லையைக் கடக்கும் முன் வழக்கறிஞரைக் கேளுங்கள்.

ஓர் ஆள் தனியாகப் பதாகை பிடித்தாலும் பொது ஒழுங்குச் சட்டப்படி அது கூட்டம்தான், அனுமதி வேண்டும். ஹோங் லிம் பூங்காவின் ஸ்பீக்கர்ஸ் கார்னரில் குடிமக்கள் தேசியப் பூங்காக் கழகத்தில் பதிந்துகொண்டு ஆர்ப்பாட்டம் நடத்தலாம், நிரந்தரவாசிகள் கலந்துகொள்ளலாம். வேலை அனுமதிச்சீட்டில் இருப்பவர் அங்கே கூட்டத்தில் நிற்கவும் கூடாது. ஊழியர்களுக்காக நடக்கும் கூட்டத்துக்கே அந்த ஊழியரை அழைத்துப் போய் அவர் வேலையைக் கெடுத்துவிடாதீர்கள். அவர் சொல்வதை எழுத்தில் வாங்கி, பெயர் மறைத்துப் படியுங்கள். உள்ளரங்கக் கூட்டத்தில் வெளிநாட்டவர் காணொளி வழியாகப் பேசினாலும் அனுமதி தேவை என்பது 2019ல் நீதிமன்றத்திலேயே உறுதியானது. வெளிநாட்டு நன்கொடையை எடுக்கவே எடுக்காதீர்கள். கையெழுத்து வாங்கும்போது முழு அடையாள அட்டை எண்ணைக் கேட்காதீர்கள். சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் அதைச் சேகரிக்க 2019 செப்டம்பர் முதல் தடை இருக்கிறது. எண், தேதி உள்ள எந்த வாக்கியமும் வெளியே போகும் முன் இருவர் சரிபார்க்கட்டும்.

வாட்ஸ்அப்பில் முடிவெடுக்காதீர்கள். பேராளர்களுக்கு அறிவிப்பு மட்டும் போகும் ஒரு குழு போதும். இரவு பதினொரு மணிக்குக் கட்டைவிரல் காட்டியதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டு அறிக்கை விட்டால் மறுநாள் காலையில் ஒரு சங்கம் குறைந்திருக்கும்.

தெருவில் இறங்காமலே நீண்டகாலம் நின்ற கூட்டு முயற்சிக்கு இல்லப் பணிப்பெண்களின் ஓய்வுநாள் நல்ல எடுத்துக்காட்டு. 2003ல் சில தொண்டூழியர்கள் குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று ஒரு செயற்குழு அமைத்தார்கள். வேலை முடியாததால் 2004ல் அதையே டிடபிள்யூசி2 என்ற சங்கமாகப் பதிந்தார்கள். 2008ல் அதுவும் ஹோம் அமைப்பும் யூனிஃபெம் சிங்கப்பூரும் சேர்ந்து ஓய்வுநாள் இயக்கம் நடத்தின. முதல் பத்தியில் ஒரே ஒரு வரி: வாரம் ஒரு நாள் ஓய்வு. 2012 மார்ச்சில் நாடாளுமன்றத்தில் அறிவிப்பு வந்து 2013 ஜனவரி 1 முதல் சட்டமானது. ஆனால் ஓய்வுக்குப் பதில் பணம் தரலாம் என்ற வழி திறந்தே இருந்தது. அதைப் பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்கள். மாதத்தில் ஒரு நாளையாவது பணம் கொடுத்து ஈடுகட்ட முடியாது என்ற விதி 2023 ஜனவரி 1ல் நடப்புக்கு வந்தது. தொடங்கி 15 ஆண்டு.

அத்தனை ஆண்டுக்கு ஆள் மாறும், அமைச்சர் மாறுவார், தொடங்கியவர்களின் பிள்ளைகள் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவார்கள். ஆகவே ஒப்பந்தத்தின் கடைசி விதி புதுப்பிப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஒரே வாரத்தில், ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை என்று வையுங்கள், எல்லா அமைப்பும் வந்து மறுபடி கையெழுத்திட வேண்டும். கையெழுத்திடாத அமைப்பு தானாக விலகியதாகும், கோபதாபம் இல்லை. அன்று மூன்று பத்தித் தாளை வரிவரியாகப் படியுங்கள். நிறைவேறியதைக் கோடிட்டு அடியுங்கள். இரண்டாம் பத்தியில் ஏதேனும் ஒன்று இப்போது ஒத்துவருகிறதா என்று கேளுங்கள், வந்தால் முதல் பத்திக்கு ஏற்றுங்கள். கணக்கைப் பொருளாளர் வாசிக்கட்டும். பொறுப்புகள் கைமாறட்டும். இரண்டு மணி நேரத்தில் முடித்துவிடலாம், முடித்துக் கீழே கோப்பிக்கடையில் எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள்.